“போல்” வந்தால் எல்லாம் உவமையா? நயம் எழுதத் திணறும் ஒரு மாணவருக்கு

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: “உயர்தரத்தில் தமிழ் எடுத்திருக்கிறேன். ரியூசன் நோட்ஸில் உள்ள 35 அணிகளையும் பாடமாக்கிவிட்டேன். ஆனால் தெரியாத ஒரு பாட்டைத் தந்து ‘நயம் எழுதுக’ என்றால் கை ஓடுவதில்லை. உவமை, உருவகம், உள்ளுறை, படிமம், குறியீடு எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கியமும் படித்ததால் மெட்டஃபர், பெர்சனிஃபிகேஷன், ஐரனி என்பவையும் நடுவில் வந்து குழப்புகின்றன. எதை எங்கே எழுதுவது?”

நல்ல கேள்வி. விடைத்தாள் திருத்துகிற எவருக்கும் இந்தக் குழப்பம் பழக்கமானது. பெயர் தெரியாமல் புள்ளி இழக்கிறவர்கள் குறைவு. பெயரை எழுதிவிட்டு அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்பவர்கள்தான் அதிகம்.

உங்கள் நோட்ஸில் ஒரே தாளில் இருக்கும் இந்தப் பெயர்கள் மூன்று வேறு காலங்களிலிருந்து, மூன்று வேறு கேள்விகளோடு வந்தவை. இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலாவது தொல்காப்பியம். பொருளதிகாரத்தின் 9 இயல்களில் உவமவியல், மெய்ப்பாட்டியல், செய்யுளியல் ஆகிய மூன்றும் நயம் எழுதுகிறவருக்கு நேரே உதவுபவை. யார், யாரிடம், எந்த நிலத்தில், எந்த நேரத்தில் பேசுகிறார் என்பதே அதன் கவலை. திணை (நிலமும் அதற்குரிய ஒழுக்கமும்), கூற்று (யார் பேச்சு), உள்ளுறை, மெய்ப்பாடு (வெளியே தெரியும் உணர்ச்சி), அங்கதம் எல்லாம் இங்கிருந்து வருபவை. இரண்டாவது அணியிலக்கணம். வடமொழியில் தண்டி எழுதிய காவியாதர்சத்தைத் தழுவி 12ஆம் நூற்றாண்டில் எழுந்த தண்டியலங்காரம்தான் உங்கள் 35 பொருளணிகளின் ஊற்று. இந்த வரி எதனால் அழகாகிறது என்று அது கேட்கிறது. மூன்றாவது 20ஆம் நூற்றாண்டுத் திறனாய்வு. படிமம், குறியீடு, தொன்மம், முரண்நகை, நோக்குநிலை, நனவோடை என்பவை மேற்கிலிருந்து வந்தவை. இலங்கையில் கைலாசபதி, சிவத்தம்பி ஆகிய திறனாய்வாளர்களின் தலைமுறையின் எழுத்திலும் வகுப்பறைகளிலும் வேரூன்றியவை. எது சொல்லப்படாமல் நிற்கிறது, யாருடைய கண்ணால் பார்க்கிறோம், அந்தப் பார்வைக்குப் பின்னால் எந்தச் சமூகம் இருக்கிறது என்று அவை கேட்கின்றன.

ஆகவே ஒரே வரிக்கு இரண்டு மூன்று பெயர் பொருந்தலாம். அதில் முரண்பாடு ஒன்றுமில்லை. எந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறோம் என்று நமக்குத் தெரிந்திருந்தால் சரி.

உவமையிலிருந்து தொடங்குவோம். குறுந்தொகையின் புகழ்பெற்ற ‘செம்புலப் பெயல்நீர்’ உவமையை எல்லோரும் எடுப்பார்கள், நான் விடுகிறேன். குறள் 151ஐப் பாருங்கள்:

“அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை.”

உவமை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். “வினை பயன் மெய் உரு” என்று உவமை தோன்றும் நான்கு வழிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. இங்கே ஒப்புமை வினையில் இருக்கிறது. நிலம் தாங்குகிறது, மனிதர் பொறுக்கிறார். அதோடு, அகழ்வார், இகழ்வார் என்ற இரண்டு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்து ஒன்றுதான் மாறுகிறது. தோண்டுகிறவனும் ஏசுகிறவனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்பதை மூளை யோசிக்க முன்னமே காது ஏற்றுக்கொண்டுவிடுகிறது. எதுகை இங்கே உவமையின் பாதி வேலையைச் செய்கிறது. “இக்குறளில் எதுகை பயின்று வந்துள்ளது” என்று எழுதுவதற்கும் இப்படி எழுதுவதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

உருவகத்தில் “போல” போய்விடும், இரண்டு பொருளும் ஒன்றாகிவிடும். “பிறவிப் பெருங்கடல் நீந்துவர்” என்கிறது குறள் 10. பிறவியே கடல். ஆனால் அந்தக் கடலைக் கடக்க உதவும் இறைவன் அடியைத் தெப்பம் என்று சொல்லவில்லை. ஒன்றை உருவகித்து, அதோடு ஒட்டிய மற்றதை உருவகிக்காமல் விடுவதால் இதை ஏகதேச உருவகம் என்பார்கள். பரீட்சைக்கு அடிக்கடி வரும். ஆங்கில வகுப்பின் மெட்டஃபர் என்பது உருவகத்தையும் தாண்டி, நாம் ஆகுபெயர் என்று இலக்கணத்தில் படிக்கிற பக்கம்வரை அகலமாகப் போகிற சொல். இரண்டையும் கோடு போட்டு இணைத்துப் பாடமாக்க வேண்டாம்.

இனி, தலைப்பில் சொன்ன பொறி. சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில் கண்ணகியும் கோவலனும் கவுந்தியடிகளோடு மதுரைக்கு வருகிறார்கள். முதலில் வையை ஆறு. அதில் பூக்கள் மூடிக் கிடக்கின்றன. இளங்கோ எழுதுகிறார்:

“வையை என்ற பொய்யாக் குலக்கொடி
தையற்கு உறுவது தான்அறிந் தனள்போல்
புண்ணிய நறுமலர் ஆடை போர்த்துக்
கண்நிறை நெடுநீர் கரந்தனள் அடக்கி”

கண்ணகிக்கு வரப்போவது தெரிந்தவள்போல, ஆறு பூவாடையைப் போர்த்துக் கண்ணீரை மறைத்துக்கொண்டதாம். அடுத்து அகழியில் குவளையும் ஆம்பலும் தாமரையும் நடுங்குகின்றன. பிறகு மதில்மேல் கொடிகள்: “வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட.” வராதே என்று கை காட்டுகின்றன.

“போல்” இருக்கிறது, ஆகவே உவமை என்று பலர் எழுதுவார்கள். இங்கே ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடவே இல்லை. காற்றடித்தால் கொடி ஆடும், அது இயல்பு. அந்த இயல்பான அசைவுக்குப் புலவர் தாமாக ஒரு காரணத்தை ஏற்றுகிறார். தம் குறிப்பை ஏற்றுவதால் தற்குறிப்பேற்றம். “போல்” என்றதும் எது எதைப்போல என்று கேளுங்கள். இரண்டு பொருள் கிடைத்தால் உவமை. ஒரு பொருளும் அதற்குக் கற்பித்த ஒரு காரணமும் கிடைத்தால் தற்குறிப்பேற்றம். இந்த ஒரு சோதனை போதும்.

பெர்சனிஃபிகேஷன் என்று ஆங்கிலத்தில் படித்தது இதற்குள் அடங்கும், ஆனால் இதுவே ஆகாது. ஆற்றைப் பெண் என்பது மனிதப் பண்பை ஏற்றுவது. அவ்வளவோடு நின்றால் தற்குறிப்பேற்றம் இல்லை. பூ மிதப்பதற்கு “அழுகையை மறைக்க” என்று காரணம் சொன்ன இடத்தில்தான் அது பிறக்கிறது.

இன்னும் முடியவில்லை. அந்த நான்கு வரிக்கு அடுத்து வருவது:

“புனல்யாறு அன்றிது பூம்புனல் யாறென
அனநடை மாதரும் ஐயனும் தொழுது”

ஆறு அழுகிறது என்று நமக்குத் தெரியும். கோவலனும் கண்ணகியுமோ “இது நீராறு இல்லை, பூவாறு” என்று வியந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். வாசகருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியவில்லை. ஆங்கில வகுப்பில் டிராமாட்டிக் ஐரனி என்று சொல்லித் தந்திருப்பார்கள், தமிழில் நாடக முரண்நகை என்று எழுதலாம். இரண்டாவது கூட்டத்துச் சொல்லான தற்குறிப்பேற்றம் அழகைச் சொன்னது. மூன்றாவது கூட்டத்துச் சொல்லான முரண்நகை ஏன் நெஞ்சு கனக்கிறது என்பதைச் சொல்கிறது. ஒரே இடம், இரண்டு கேள்வி. என்னைக் கேட்டால், நயத்துக்கு இதைவிட நல்ல பயிற்சிப் பகுதி தமிழில் குறைவு.

அடுத்தது உள்ளுறை. மாணவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை 8ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தலைவி தன்னை இகழ்ந்து பேசினாள் என்று கேள்விப்பட்ட பரத்தை (தலைவன் உறவு வைத்திருக்கும் வேறு பெண்), தலைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி சொல்கிறாள்:

“கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மிற் பெருமொழி கூறித் தம்மிற்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே.”

வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்து விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வுகிற ஊர்க்காரன் அவன். என் வீட்டில் பெரிய பேச்சுப் பேசுவான். தன் வீட்டுக்குப் போனதும், நாம் கையைக் காலைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பிம்பம்போல, தன் மகனின் தாய் விரும்பியதையெல்லாம் செய்வான்.

கண்ணாடிப் பிம்பம் வெளிப்படையான உவமை, “போல” என்று சொல்லியே வருகிறது. மாம்பழமும் வாளையும் யாரோடும் ஒப்பிடப்படவில்லை. ஊரை வர்ணிப்பதுபோலக் கிடக்கின்றன. ஆனால் யார் பேசுகிறார் என்ற தொல்காப்பியக் கேள்வியைக் கேட்டவுடன் கதவு திறக்கிறது. “என் கணவனை மயக்கினாள்” என்று ஏசப்பட்டவள் பேசுகிறாள். வாளை மரத்தில் ஏறவில்லை, பழம் தானாக விழுந்தது. நான் இழுக்கவில்லை, அவனாக வந்தான் என்று சொல்லாமல் சொல்லிவிட்டாள். நிலத்தின் மரம், மீன், பறவை, தொழில் போன்ற கருப்பொருள்களுக்குள் இன்னொரு பொருளை ஒளித்து வைப்பது உள்ளுறை. தெய்வம் மட்டும் இதற்குப் பயன்படாது என்று தொல்காப்பியம் விலக்குகிறது. ஆகவே சங்கப் பாட்டில் “ஊரன்”, “நாடன்”, “துறைவன்” என்று தலைவனைக் கண்டால், அந்தச் சொல்லுக்கு முன்னால் உள்ள வர்ணனையைச் சந்தேகத்தோடு படியுங்கள். சும்மா வந்திருக்காது.

கடைசிச் சொல்லையும் விடாதீர்கள். மனைவி என்று சொல்லவில்லை, “தன் புதல்வன் தாய்” என்கிறாள். காதலுக்கு இடமில்லை, பிள்ளைக்குத் தாய் என்ற அளவில்தான் அவளுக்கு மதிப்பு என்று குத்துகிறாள். மெய்ப்பாட்டில் இது நகை. நகை பிறக்கும் நான்கு இடங்களாகத் தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பவற்றைச் சொல்கிறது. இது எள்ளல். ஊடலை உரிப்பொருளாக, அதாவது மையமான உணர்வாக, கொண்ட மருதத் திணைக்கு இந்தக் குரல் எவ்வளவு பொருத்தம் என்று ஒரு வரி சேர்த்தால் உங்கள் விடை முழுமையாகிவிடும்.

உள்ளுறையோடு குழம்புவது பிறிதுமொழிதல். “பீலிபெய் சாகாடும் அச்சிறும்” என்ற குறளில் மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்பது மட்டுமே இருக்கிறது. அரசனைப் பற்றி ஒரு சொல் இல்லை. உவமானத்தை மட்டும் சொல்லிப் பொருளை நம்மிடம் விடுவது. இதற்கு ஒட்டு என்றும் ஒரு பெயர் உண்டு. உள்ளுறை அகப்பாட்டின் நிலத்துக்குள் இருக்கும். பிறிதுமொழிதலுக்கு நிலம் தேவையில்லை.

படிமம், குறியீடு. இவற்றுக்கு வேறொருவர் கவிதையை எடுக்காமல் நானே இரண்டு வரி எழுதுகிறேன். “மழை விட்டிருக்கிறது. வெள்ளவத்தை ஸ்டேஷன் மேடையில் நனைந்த வாங்கில் ஒரு குடை விரிந்தபடி கிடக்கிறது. தண்டவாளத்துக்கு அப்பால் கடல்.” இங்கே ஒப்பீடு இல்லை, மறைபொருளும் இல்லை. கண்ணும் தோலும் ஒரு கணத்தைப் பிடித்துக்கொள்கின்றன, அதற்குள் ஓர் உணர்வு தங்குகிறது. அது படிமம். காட்சியாக மட்டுமில்லாமல் ஓசையாக, மணமாக, சுவையாகவும் வரலாம். புதுக்கவிதைக்கு நயம் எழுதும்போது எந்தப் புலனுக்கு வருகிறது என்று குறிப்பிடுங்கள்.

இனி ஒரு கதை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பில் தொடர்மாடி ஒன்றில் இருக்கும் அம்மம்மா, ஊர் வீட்டுச் சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறா. முதல் பக்கத்தில் அது சாவிதான். நடுவில் வீடு இடிந்துவிட்டதாகத் தகவல் வருகிறது. அதற்குப் பிறகும் அவ அதை அவிழ்ப்பதில்லை. கடைசியில் பேத்தி அதை எடுத்து விளையாடுகிறாள். சாவி இப்போது குறியீடு. ஒரு தரம் வந்து மறைந்தால் அது ஆகாது. திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பொருளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். “சாவி என்றால் வீடு” என்று ஒரு சமன்பாட்டில் முடிக்க முடிந்தால் ஒன்றில் கதை பலவீனம், அல்லது நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். உடைமை, பிடிவாதம், பேத்திக்குக் கைமாறும் நினைவு என்று எல்லாம் சேர்த்தே எழுதுங்கள்.

அங்கதமும் (ஏளனம் செய்து பழிப்பது) வஞ்சப்புகழ்ச்சியும் (புகழ்வதுபோலப் பழிப்பது) அடுத்து. அங்கதத்தை மேற்கத்திய சரக்கு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யுளியலே அதைச் செம்பொருள், கரந்தது என்று இரண்டாகப் பிரித்திருக்கிறது. நேரே ஏசுவது ஒன்று, ஒளித்து ஏசுவது இன்னொன்று. “தேவர் அனையர் கயவர்” என்று குறள் 1073 தொடங்கும்போது கயவருக்கு வாழ்த்து என்றே தோன்றும். “மேவன செய்தொழுக லான்”, மனம்போனபடி நடப்பதால், என்று முடிக்கும்போது அடி விழுகிறது. புறநானூறு 95 இன்னும் கூர்மையானது. அதியமான் அனுப்ப ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். அவன் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான்.

இதற்கு ஒரு மாணவர் வழக்கமாக எழுதுவது: “இப்பாடலில் வஞ்சப்புகழ்ச்சி அணி சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது. இது பாடலுக்கு அழகு சேர்க்கிறது.” இதில் பாட்டே இல்லை. எந்தப் பாட்டின் கீழும் ஒட்டலாம்.

நான் எதிர்பார்ப்பது இப்படி: “‘இவ்வே’ என்று தொடங்கித் தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிக்க மாளிகையில் இருப்பதைச் சொல்கிறார். ‘அவ்வே’ என்று திரும்பி, அதியமானின் ஆயுதங்கள் பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதைச் சொல்கிறார். கேட்பதற்கு முன்னது புகழ்ச்சி, பின்னது குறை. உண்மையில் பளபளப்பு என்பது போர் காணாததன் அடையாளம். தூதராக வந்தவர் ஓர் அரசனை அவன் முன்னாலேயே ‘உனக்குப் போர் தெரியாது’ என்று சொல்ல முடியாது. அந்த நெருக்கடியே இந்த உத்தியைக் கட்டாயமாக்குகிறது.” பெயர் கடைசியில் வந்தாலும் பரவாயில்லை. சொல், அது செய்யும் வேலை, அது ஏன் இங்கே வேண்டியிருந்தது என்ற மூன்றும் வர வேண்டும்.

ஓசை பற்றிச் சுருக்கமாக: முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை, அடியின் முடிவு ஒத்து வந்தால் இயைபு. இயைபு நகைச்சுவைக்கு எப்படிக் கைகொடுக்கும் என்று பார்க்க மஹாகவி உருத்திரமூர்த்தியின் குறும்பாக்களைப் படியுங்கள். ஆங்கில லிமரிக் வடிவத்தைத் தமிழ் யாப்புக்குள் கொண்டுவந்து அங்கதத்துக்குப் பயன்படுத்தியவர் அவர். நிரல்நிறை, மடக்கு, சிலேடை எல்லாம் பார்த்தவுடன் தெரியக்கூடியவை. வரைவிலக்கணம் ஒருமுறை படித்தால் போதும்.

சிறுகதைக்கும் நாவலுக்கும் உரிய சொற்களில் கதைப்பின்னல், பாத்திர வார்ப்பு இரண்டையும் எல்லோரும் எழுதுகிறார்கள். அநேகமாக எவரும் எழுதாதது நோக்குநிலை. மலையகத்திலிருந்து கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்கு வந்த சிறுமியின் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். “இன்றைக்கும் தேத்தண்ணி பிந்திவிட்டது” என்று தொடங்கினால் நாம் வீட்டுக்காரியின் கண்ணுக்குப் பின்னால் நிற்கிறோம். “கேத்தல் கொதிக்கும்வரை யன்னலால் ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்” என்று தொடங்கினால் சிறுமியோடு குசினியில் நிற்கிறோம். சம்பவம் ஒன்றுதான். யார் பக்கம் என்பது முதல் வரியிலேயே தீர்மானமாகிவிட்டது. யாருடைய மொழியில் கதை சொல்லப்படுகிறது என்பதும் இதோடு சேர்ந்ததே. கதைக்குள் சாதாரண மக்களின் பேச்சுத்தமிழ் வரலாமா, அது இழிசனர் வழக்கு (தாழ்ந்தவர்களின் பேச்சு) அல்லவா என்று 1960களில் இங்கே பெரிய சண்டையே நடந்தது. பேச்சுவழக்கைப் பற்றி எழுதும்போது “மண்வாசனை வீசுகிறது” என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அந்தப் பாத்திரம் வேறு தமிழில் பேசியிருந்தால் கதை எதை இழந்திருக்கும் என்று கேளுங்கள். நனவோடை என்பது மனத்தில் ஓடும் எண்ணங்களை ஒழுங்குபடுத்தாமல் அப்படியே ஓடவிடுவது. ஒருவர் பழையதை நினைக்கிறார் என்பதற்காக அது நனவோடை ஆகாது. அது பின்னோக்கு உத்தி.

சரி, 35ஐயும் பாடமாக்க வேண்டுமா? பாடமாக்கிவிட்டீர்கள், மறக்கவும் வேண்டாம். ஆனால் அறிமுகமில்லாத பாட்டுக்கு நயம் எழுதும்போது பெரும்பாலும் கைக்கு வருபவை உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், பிறிதுமொழிதல், வஞ்சப்புகழ்ச்சி, உள்ளுறை, படிமம், குறியீடு, முரண்நகை, நோக்குநிலை, ஓசை ஆகியவைதான். ஒவ்வொன்றுக்கும் நீங்களே தேடிப் பிடித்த ஓர் உதாரணம் வைத்திருங்கள், நோட்ஸில் உள்ளது வேண்டாம். நீங்கள் வெள்ளவத்தையில் இருப்பதால் 57ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் நடக்கிற தூரம். சங்க இலக்கிய உரைகளோடு, கைலாசபதியும் முருகையனும் சேர்ந்து எழுதிய ‘கவிதை நயம்’ கிடைக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். இலங்கை எழுத்தாளர்களின் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் நூலகம் இணையத்தளத்தில் இலவசமாக இருக்கின்றன.

உள்ளுறைக்கு நெருக்கமான இன்னொரு மறைபொருள் உத்தியான இறைச்சியைப் பற்றி வேண்டுமென்றே எழுதவில்லை. அதில் உரையாசிரியர்களே ஒத்துப்போவதில்லை, இந்தப் பதிலுக்குள் திணித்தால் உள்ளுறையும் சேர்ந்து குழம்பும். முதலில் குறுந்தொகையில் மருதப் பாட்டுகள் நாலைந்தை எடுத்து உள்ளுறையை மட்டும் எழுதிப் பழகுங்கள். அப்புறம் இறைச்சியைத் தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.